ஏரிக்கரை மனையில் செப்டிக் டேங்க் – எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது?

சென்ற மார்கழியில் ஏரிப் பாசன விவசாயி ஒருவர் ஒரு பாட்டில் தண்ணீருடன் என்னைப் பார்க்க வந்தார். ஆயக்கட்டில் அவருக்கு இரண்டு ஏக்கர் நஞ்சையும் ஒரு கிணறும் உண்டு. முப்பது ஆண்டுகளாகக் குடும்பத்தார் குடித்து வந்த தண்ணீரில் மழைக்குப் பிறகு ஒரு வாடை வருவதாகச் சொன்னார். அவருடைய வரப்புக்கு அப்பால் இருந்த நிலம் சில ஆண்டுகளுக்கு முன் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, இப்போது அங்கே பத்துப் பன்னிரண்டு வீடுகள் எழும்பியுள்ளன. "ஐயா, நான் போட்ட உரத்தால் தண்ணீர் கெட்டதா, வீடுகள் வந்ததால் கெட்டதா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

குளிர்பான பாட்டிலில் கொண்டு வரும் தண்ணீரை வைத்துக் கிருமிச் சோதனை செய்ய இயலாது. எனவே கிருமி நீக்கிய குப்பி ஒன்றைக் கொடுத்து மறுபடியும் எடுத்து வரச் செய்தோம். சோதனையில் நைட்ரேட், குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவான லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டி இருந்தது. மலத்தில் வாழும் கோலிஃபார்ம் பாக்டீரியாவும் இருந்தது. நைட்ரேட் யூரியாவிலிருந்தும் வரலாம், கழிவுநீரிலிருந்தும் வரலாம். ஆனால் எந்த உர மூட்டையிலும் கோலிஃபார்ம் இருப்பதில்லை. மாட்டுக் கொட்டகையும் எருக்குழியும் அவருக்குக் கிணற்றின் கீழ்ப்புறத்தில் நெடுந்தூரம் தள்ளி இருந்தன. மேல்புறத்தில் இருந்தவை வீடுகளும் அவற்றின் கழிவுக் குழிகளுமே.

செப்டிக் டேங்க் பற்றி விவசாயப் பக்கத்தில் எழுதுவதற்கு இதுவே காரணம். இன்று ஏரியை ஒட்டிய நிலத்தை மனைக்கு விற்பவரும் விவசாயிதான். அடுத்த வயலில் பயிர் செய்பவரும் விவசாயிதான். மகனுக்கென்று அங்கே ஒரு மனை வாங்கி வீடு கட்டுபவரும் பெரும்பாலும் அவரேதான்.

தொட்டி சுத்தம் செய்வதில்லை

செப்டிக் டேங்க் கழிவுநீரைச் சுத்தப்படுத்தி வெளியே அனுப்புகிறது என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. தொட்டியில் கனமான பொருள்கள் அடியில் தங்குகின்றன. எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கிறது. காற்றில்லாத நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் வண்டலை மெதுவாகச் செரிக்கின்றன. வெளியே வரும் நீர் தெளிந்தது போல் தோன்றினாலும் நோய்க் கிருமிகளும், அம்மோனியாவும், பாஸ்பரஸும் பெரும்பாலும் அதிலேயே இருக்கின்றன. உண்மையான சுத்திகரிப்பு தொட்டிக்கு வெளியே, உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண்ணில்தான் நடைபெறுகிறது. மேஸ்திரிகள் இதனை 'சோக் பிட்' என்பர்.

அந்த மண்ணும் ஈரம் நிறைந்த மண்ணாக இருக்கக் கூடாது. காற்றோட்டமுள்ள மண்ணில் கழிவுநீர் மண் துகள்களின் மேல் மெல்லிய படலமாக இறங்கும்போது கிருமிகள் துகள்களில் ஒட்டிக்கொண்டு, உணவின்றியும் பிற நுண்ணுயிர்களுக்கு இரையாகியும் மடிகின்றன. பாஸ்பரஸைக் களியும் செம்மண்ணில் உள்ள இரும்பும் பிடித்துக்கொள்ளும். மண்ணின் துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருந்தால் இவற்றில் எதுவும் சரியாக நடக்காது. குழியில் விழுந்தது நேரே நிலத்தடி நீரில் கலந்து நடக்கத் தொடங்கிவிடும். நைட்ரேட்டின் கதை வேறு. காற்றோட்டமுள்ள மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும். மாறியபின் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை; வேர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் தண்ணீரோடு செல்லும்.

நம் ஊர்களில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுபவற்றில் பல உண்மையில் செப்டிக் டேங்கே அல்ல. கான்கிரீட் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கி, அடியில் தளம் போடாமல் விட்டுவிடுகிறார்கள். நீர் ஊற்று தெரியும் வரை தோண்டினால் 'நிரம்பவே நிரம்பாது' என்று அதற்குப் பெருமை வேறு. நிரம்பாத தொட்டி என்றால், அதில் விழுவது அத்தனையும் நிலத்தடி நீருக்குப் போகிறது என்று பொருள்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு உள்ளளவு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம், அதற்கு மேல் 30 செ.மீ. வெற்றிடம் கொண்ட, அடியும் சுவரும் கசியாத தொட்டி போதுமானது. இதற்கு மேல் பெரிதாகக் கட்டுவதால் பயன் குறைவு. அந்தச் செலவை உறிஞ்சு குழியில் செய்வது நல்லது. மழைநீரைத் தொட்டிக்குள் விடவே கூடாது.

அரை கிரவுண்டில் 18 மீட்டர் ஏது?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 என்ற நெறிமுறைப்படி, உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டரும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். அடிக் கணக்கில் சொன்னால் 60 அடி, 20 அடி.

இப்போது மனையை அளந்து பாருங்கள். அரை கிரவுண்டு என்பது 30 அடிக்கு 40 அடி. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே கயிறு பிடித்தாலும் 50 அடிதான் வரும். ஆகவே அரை கிரவுண்டு மனையில் போர்வெல் ஒரு கோடியிலும் உறிஞ்சு குழி மறு கோடியிலும் இருந்தால்கூட 60 அடி கிடைக்காது. இது மேஸ்திரியின் குற்றமும் அல்ல, வீட்டுக்காரரின் குற்றமும் அல்ல. மனையைப் பிரித்த அன்றே தீர்மானமாகிவிட்ட விஷயம்.

வாஸ்து பார்ப்பவர்கள் இதை இன்னும் வேடிக்கையாக்கிவிடுகிறார்கள். கிணறு ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில். கழிவுத் தொட்டி வாயு மூலையில், அதாவது வடமேற்கில். தனித்து நிற்கும் ஒரு வீட்டுக்கு இது ஒருவாறு பொருந்தலாம். கிழக்கு மேற்காக வரிசையாக உள்ள மனைகளில் என்ன ஆகும்? என்னுடைய வடகிழக்கு மூலை, அடுத்த வீட்டுக்காரரின் வடமேற்கு மூலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வரிசையில் எல்லாரும் சாத்திரம் தவறாமல் கட்டினால், ஒவ்வொருவர் போர்வெல்லும் அடுத்தவர் கழிவுத் தொட்டியின் பக்கத்தில் வந்து நிற்கும்.

என் சொந்த வீட்டிலேயே நான் இந்தத் தவறைச் செய்தவன். என் கிணற்றுக்கும் என் குழிக்கும் இடையே உள்ள தூரத்தை நாடா வைத்து அளந்தேன். மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்க்கவில்லை. வேலை நடந்தது வைகாசி மாதம். குழி எட்டடி ஆழம் போயும் மண் பொடிப்பொடியாக இருந்தது. ஐப்பசி மழையில் அதே குழியில் நீர் தரை மட்டத்துக்கு ஒரு முழம் கீழே நின்றது. மண்ணைப் பற்றிப் பாடம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் இப்படி ஆனதை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

தோண்டுவது கோடையில், அளப்பது மழையில்

தூரத்தைவிட முக்கியமானது, குழியின் அடிக்கும் நிலத்தடி நீர் மட்டத்துக்கும் இடையே உள்ள காய்ந்த மண்ணின் கனம். நீர் மட்டம் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள், அதாவது ஆறு அடிக்குள் வருகின்ற இடத்தில் பள்ளமான உறிஞ்சு குழி ஏற்றதல்ல. இந்த மட்டத்தைச் சித்திரையில் பார்த்துப் பயனில்லை. ஏரி நிறைந்து நிற்கும் கார்த்திகை, மார்கழியில் பார்க்க வேண்டும். ஏரியின் நீர்ப்பிடிப்புப் பக்கத்தில் உள்ள மனைகளிலும், கரைக்குக் கீழே கசிவு நீர் ஏறும் ஆயக்கட்டு மனைகளிலும் கோடைக்கும் மழைக்கும் உள்ள வித்தியாசம் மிக அதிகம்.

மனையைக் கோடையில் வாங்குகிறவர் மழைக்கால மட்டத்தை எப்படி அறிவது? பக்கத்துக் கிணற்றின் உட்சுவரில் உள்ள நீர்க்கறையைப் பார்க்கலாம். பக்கத்து வயல்காரரைக் கேட்கலாம். மூன்றாவது வழி மண்ணையே கேட்பது. இதை விவசாயிகள் எளிதில் செய்யலாம். ஆறடிக் குழி ஒன்று வெட்டி, வெயில் நேராக விழும் நேரத்தில் அதன் பக்கச் சுவரைப் பாருங்கள். மண்ணின் நிறம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் அங்கே நீர் தேங்கி நிற்பதில்லை எனலாம். ஓர் ஆழத்துக்குக் கீழே சாம்பல் நிறம் படர்ந்து, அதனிடையே துருப்பிடித்தாற் போன்ற செம்மஞ்சள் புள்ளிகளும் வேர் வழியே ஓடும் கோடுகளும் காணப்பட்டால், அந்த ஆழம் வரை ஆண்டுதோறும் சில வாரங்களாவது நீர் நிற்கிறது என்று பொருள். நீரில் மூழ்கும்போது மண்ணிலுள்ள இரும்பு கரைந்து நகர்கிறது. காற்றுப் புகும்போது துருவாகப் படிகிறது. நெல் வயலின் அடிமண்ணைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் பழக்கமானதே. மனைத் தரகர் என்ன சொன்னாலும் இந்தப் புள்ளிகள் பொய் சொல்வதில்லை. கோரையும் பொடுதலையும் தாமாக முளைத்துக் கிடக்கும் மனையையும் அதே சந்தேகத்துடன் பார்க்க வேண்டும்.

மண் நீரை உறிஞ்சும் வேகத்தையும் சோதிக்கலாம். உறிஞ்சு குழி வரவிருக்கும் ஆழத்தில், ஒரு சாண் அகலத்தில் துளை போட்டு, அடியில் 5 செ.மீ. பருமணல் பரப்பி, நீர் ஊற்றி இரவு முழுவதும் ஊற விட வேண்டும். மறுநாள் மணலுக்கு மேல் 15 செ.மீ. நீர் நிற்கும்படி ஊற்றி, அது 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கவும். 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி போடலாம். 30 முதல் 60 நிமிடம் ஆனால் குழியை விட ஆழமற்ற, நீண்ட கசிவு வாய்க்கால் நல்லது. ஒரு மணிக்கு மேலும் இறங்காமல் நிற்கும் கரிசலிலும் களியிலும் இரண்டுமே பயன்படா. மறுபக்கம், ஊற்றிய நீர் கண்ணெதிரே காணாமல் போகும் ஆற்று மணலையும் கடற்கரை மணலையும் நல்ல மண் என்று எண்ணி மகிழ வேண்டாம். அங்கே கிருமியும் அதே வேகத்தில்தான் செல்லும்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ முக்கால் பங்கு, பாறைப் பகுதி. மேலே நாலைந்து அடி மண், கீழே வெடிப்புள்ள பாறை என்றிருக்கும் ஊர்களில் 18 மீட்டர் என்பது காகிதக் கணக்கு. வெடிப்பில் இறங்கிய கழிவுநீருக்கு வடிகட்ட மண் இல்லை. அது வெகுதூரம் போகும். மேலும் பாசனக் கிணற்றில் 5 குதிரைத் திறன் மோட்டார் மணிக்கணக்கில் ஓடும்போது, சுற்றிலுமுள்ள நிலத்தடி நீர் கிணற்றை நோக்கிச் சாய்கிறது. குழி கிணற்றுக்குக் கீழ்ப்புறத்தில் இருந்தாலும் அதன் நீரை மோட்டார் இழுத்துக்கொள்ளக் கூடும். ஆகவே வயல் கிணற்றின் அருகே வீடு கட்டுவோர் 18 மீட்டரைக் குறைந்த அளவாக மட்டுமே கொள்ள வேண்டும்.

ஏரிக்கும் வீட்டுக்கும் இடைவெளி

2017-ஆம் ஆண்டு ஈர நிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், ராம்சர் பட்டியலில் உள்ள ஈர நிலங்களுக்கும் அரசு அறிவிக்கை செய்த ஈர நிலங்களுக்கும் பொருந்தும். அவற்றில் ஊர்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடுவது தடை செய்யப்பட்டுள்ளது. விதிகள் வந்த நாளுக்கு முந்தைய 10 ஆண்டுகளில் காணப்பட்ட சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத் துறை தவிர, நிரந்தரக் கட்டடம் எதுவும் கூடாது. வேடந்தாங்கல், கூந்தன்குளம், வடுவூர் முதலியவை 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

ஆனால் இதே விதிகள், பாசனத்துக்கென்றே அமைக்கப்பட்ட நீர்நிலைகளையும் நெல் வயல்களையும் ஈர நிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கியுள்ளன. ஆகவே பட்டியலில் இல்லாத சாதாரண ஊர் ஏரிக்கு இந்த 50 மீட்டர் தானாக வந்துவிடாது. அந்த ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. கிணற்றிலோ ஓடையிலோ கழிவை விடுவதை 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் தடுக்கிறது. எல்லைக் கல்லுக்கு இப்பால் பட்டா நிலத்தில், பூமிக்கடியில் மெதுவாகக் கசியும் உறிஞ்சு குழியை யார் போய்ப் பார்க்கிறார்கள்? என் கருத்தில், ஊர் ஏரியானாலும் உறிஞ்சு குழிக்கு அந்த 50 மீட்டரை விடுவதே முறை. இது சட்டம் அல்ல, என் யோசனை. அதையும் ஏரி முழுக் கொள்ளளவில் நிற்கும்போது நீர் தொடும் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். மனை விற்பவர்கள் கோடையில் அழைத்துப் போய், நடு ஏரியில் குட்டையாகக் கிடக்கும் நீரைக் காட்டி "ஏரி அதோ அங்கே இருக்கிறது" என்பார்கள்.

அந்த இடைவெளி வெறும் தரையாக இருந்தால் பாதிப் பயன்தான். ஏரியோரத்து ஈர மண்ணில், காற்றுக் குறைந்த நிலையில், சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கு அனுப்பிவிடும். இதற்கு மண்ணில் மட்கு வேண்டும். மட்குக்குச் செடி வேண்டும். நாணல், சம்பு, வெட்டிவேர், சற்று மேட்டில் மருதும் புங்கனும் இருந்தால் வேர்கள் ஒரு பங்கை உறிஞ்சும், மண் மற்றொரு பங்கை மாற்றும்.

வேடந்தாங்கல் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு கூட்டத்தில் என்னை மடக்கினார். "பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று பாராட்டுகிறீர்கள். மனிதக் கழிவும் உரம்தானே?" கேள்வி நியாயமானது. தழைச்சத்து என்ற அளவில் வித்தியாசம் இல்லை. ஆனால் காலராவும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் கொக்கிப்புழுவும் மனிதனிடமிருந்து மனிதனுக்கு வருபவை. சத்தும் அளவோடு இருக்க வேண்டும். ஒருவரது கழிவில் ஆண்டுக்குச் சுமார் இரண்டரை கிலோ தழைச்சத்து உண்டு என்று கொண்டால், வீட்டுக்கு ஐந்து பேர் வீதம் 100 வீடுகளிலிருந்து 1,250 கிலோ. யூரியாக் கணக்கில் 45 கிலோ மூட்டை 60. இதில் ஒரு பகுதி வண்டலில் தங்கும், ஒரு பகுதி காற்றில் போகும். மிச்சம் அத்தனையும் ஆண்டுதோறும் ஒரே மூலையிலிருந்து இறங்கினால், உடன் வரும் பாஸ்பரஸும் சேர்ந்து ஏரியில் ஆகாயத்தாமரையை வளர்க்கும். மதகை அடைத்துக்கொண்டு கிடக்கும் அதை வாரிப் போட ஆயக்கட்டுதாரர்தான் ஆள் கூலி கொடுக்க வேண்டும்.

இனிச் செய்யக் கூடியவை

நிலத்தை மனைக்குக் கொடுப்பவர்கள், விற்கும் முன் ஒரு நிபந்தனை வைக்கலாம். வீட்டுக்கு வீடு உறிஞ்சு குழி வேண்டாம். தொட்டிகளிலிருந்து வரும் நீரைக் குழாய் மூலம், ஏரிக்கும் கிணறுகளுக்கும் தொலைவான மேட்டு மூலையில் ஒதுக்கிய பொது இடத்துக்குக் கொண்டுபோய், கூழாங்கல் படுகையில் கல்வாழையும் சம்பும் நட்டுச் சுத்திகரிக்க வேண்டும். இதற்கு இரண்டு மூன்று மனை குறையும். விற்பவர் முகம் சுளிப்பார். ஆனால் அனுமதிக்கு வரைபடம் போகும் முன் கேட்டால்தான் நடக்கும். வீடுகள் எழும்பிய பிறகு எந்த அதிகாரி வந்தாலும் இடத்தை உண்டாக்க முடியாது.

தனி மனையில் ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள், நீர் மட்டம் உயர்ந்த இடமானால், உறிஞ்சு குழியை மூடிவிட்டு, தரைக்கு மேல் மண் மேடு அமைத்து அதில் கசிவு வாய்க்கால் போடலாம். குளியல் நீரையும் சமையலறை நீரையும் கழிப்பறை நீரோடு சேர்க்காமல் வாழைக்கு விட்டால் மேட்டின் சுமை பாதியாகக் குறையும். தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; விஷ வாயுவால் உயிர்கள் போயிருக்கின்றன. லாரிக்காரர் கழிவை எங்கே கொட்டுகிறார் என்பதையும் கேட்டு வையுங்கள். தென்னந்தோப்பில் இலவசமாகக் கொட்டித் தருகிறேன் என்பவரை நம்பி இடம் கொடுக்க வேண்டாம். உலர்த்தி மட்க வைக்காத வண்டலில் புழு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கிணறு கெட்டுவிட்டது என்று ஐயப்படுவோர் மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கலாம். பிளீச்சிங் பவுடர் போடுவதும் கொதிக்க வைப்பதும் கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டை நீக்கா. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் செறிவாகும். அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கவே கூடாது. குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றை ஏந்தும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். வயலுக்கு இறைக்கத் தடையில்லை. நைட்ரேட் மிகுந்த நீர் பாய்ச்சும் நெல்லுக்கு மேலுர யூரியாவைச் சற்றுக் குறைத்துப் போடலாம். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் வெள்ளரிக்கும் அந்த நீரை விட வேண்டாம்.

பாட்டிலுடன் வந்த விவசாயி இப்போது குடிக்க ஊராட்சிக் குழாய் நீரைப் பிடித்துக்கொள்கிறார். வரப்புக்கு அப்பாலுள்ள வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் தங்கள் குழியைத் திறந்து காட்டச் சம்மதித்துள்ளனர். சித்திரையில் ஒரு முறையும் வரும் மார்கழியில் ஒரு முறையும் கிணற்று நீரைச் சோதிப்பதாக இருக்கிறோம். மோட்டார் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து, ஆய்வகக் குப்பியில், வாய்ப்பகுதியில் கை படாமல் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு வரும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.